வடகொரிய 17 வயதுக்குட்பட்ட மகளிர் தேசியக் காற்பந்து அணி

வடகொரிய 17 வயதுக்குட்பட்ட மகளிர் தேசியக் காற்பந்து அணி என்பது பன்னாட்டு இளையோர் காற்பந்துப் போட்டிகளில் வடகொரியாவின் சார்பாக விளையாடும் சிறுமியர் அணியாகும். பிஃபா நடத்தும் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக்கோப்பையை இவ்வணி 2008, 2016, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வென்றுள்ளது. 2025 ஆம் ஆண்டு வரை நடைபெற்ற ஒன்பது உலகக்கோப்பைகளில் எட்டில் பங்கேற்று நான்கை வென்ற இவ்வணிக்கு நிகரான பதிவு வேறெந்த நாட்டிற்கும் இல்லை. ஸ்பெயின் இருமுறையும், தென்கொரியா, பிரான்சு, ஜப்பான் ஆகிய நாடுகள் ஒவ்வொரு முறையும் கோப்பையை வென்றுள்ளன.

உலகின் பிற பகுதிகளுடன் மிகக் குறைந்த தொடர்பே கொண்ட ஒரு நாட்டின் பள்ளிச் சிறுமியர் இத்தகைய ஆதிக்கம் செலுத்துவது காற்பந்து உலகில் நெடுநாளாகப் பேசப்பட்டு வரும் செய்தியாகும். அதே நாட்டின் முதுநிலை மகளிர் அணி 2015, 2019, 2023 ஆகிய மூன்று உலகக்கோப்பைகளிலும் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாக விளங்கும்.

பெயரும் வயது வரம்பும்

பிஃபாவின் ஆவணங்களில் இந்நாடு அதன் அலுவல்முறைப் பெயரான கொரிய சனநாயக மக்கள் குடியரசு என்பதன் சுருக்கத்தாலேயே குறிக்கப்படுகிறது. ஊடகங்களிலும் பேச்சு வழக்கிலும் வடகொரியா என்பதே நிலைத்துவிட்டது. இரு கொரியாக்களையும் மாற்றிக் குறிப்பிடுவது சிறிய பிழையன்று. 2012 இலண்டன் ஒலிம்பிக்கின்போது கிளாஸ்கோ நகரில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்திற்கு முன்பு திரையில் தவறுதலாகத் தென்கொரியக் கொடி காட்டப்பட்டதால், வடகொரிய முதுநிலை மகளிர் அணியினர் களத்தைவிட்டு வெளியேறினர். ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாகவே தொடங்கியது.

கொரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலிலும் இயற்பெயர் பின்னரும் வரும். இக்கட்டுரையில் வரும் வீராங்கனையரின் பெயர்கள் அம்முறையிலேயே தரப்பட்டுள்ளன. கிம், ரி, பாக் போன்றவை குடும்பப் பெயர்கள் என்பதால் ஒரே அணியில் பலருக்கு அவை பொதுவாக இருக்கும்.

வயது வரம்பு பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2008 போட்டியில் விளையாட 1991 சனவரி 1 அல்லது அதற்குப் பின்னர் பிறந்திருத்தல் வேண்டும். 2024 போட்டிக்கு அந்த எல்லை 2007 சனவரி 1. உலகக்கோப்பை ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெற்ற காலத்தில், ஒரு வீராங்கனைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புதான் கிட்டும். ஆகவே 2008 இல் வென்ற அணியும் 2016 இல் வென்ற அணியும் பெயரளவில் மட்டுமே ஒன்று. ஆட்கள் முற்றிலும் வேறானவர்கள். முதுநிலை அணி ஒன்று சில சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்க இயலும். இளையோர் அணிக்கு அது இயலாது. திரும்பத் திரும்ப வெல்லும் இளையோர் அணியின் பின்னால் ஓரிரு திறமையாளர்கள் அல்லர், ஒரு பயிற்சி முறையே இருந்தாக வேண்டும்.

பின்னணி

வடகொரியாவின் காற்பந்துப் புகழ் முதலில் ஆண்களால் வந்தது. 1966 உலகக்கோப்பையில் மிடில்ஸ்பரோ நகரில் இத்தாலியை 1–0 என வென்று அந்நாட்டு ஆடவர் அணி உலகை வியப்பில் ஆழ்த்தியது. மகளிர் காற்பந்து 1980களிலேயே அங்கு வேரூன்றத் தொடங்கியது. பல நாடுகள் பெண்களின் ஆட்டத்தைப் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், அரசின் ஆதரவும் இராணுவம் சார்ந்த விளையாட்டுக் கழகங்களின் முழுநேரப் பயிற்சியும் வடகொரியப் பெண்களுக்குக் கிடைத்தன. இதன் பயனாக முதுநிலை அணி 2001, 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் மகளிர் ஆசியக் கோப்பையையும், 2002, 2006, 2014 ஆகிய ஆண்டுகளில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கத்தையும் வென்றது.

இளையோர் நிலையில் முதற்பெரும் வெற்றி 2006 இல் வந்தது. உருசியாவில் நடைபெற்ற 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையின் இறுதியாட்டத்தில் சீனாவை 5–0 என வடகொரியா தோற்கடித்தது. கிம் சொங்-ஹுயி அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். பிஃபாவின் மகளிர் உலகக்கோப்பை ஒன்றை ஆசிய அணி ஒன்று வென்றது அதுவே முதன்முறையாகும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் 17 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி தொடங்கப்பட்டபோது வடகொரியா ஆயத்தமாகவே இருந்தது.

2013 இல் பியொங்யாங் நகரில் பன்னாட்டுக் காற்பந்துப் பள்ளி திறக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படும் சிறுவரும் சிறுமியரும் அங்குத் தங்கிப் பொதுக் கல்வியுடன் காற்பந்தும் கற்கின்றனர். அந்நாட்டின் வெற்றிகளுக்கு இப்பள்ளியே காரணம் எனச் சில கட்டுரைகளில் எழுதப்படுவதுண்டு. 2006, 2008 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகள் பள்ளி தோன்றுவதற்கு முந்தையவை என்பதை அவ்வாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். ஏற்கனவே இருந்த முறையை இப்பள்ளி ஒழுங்குபடுத்தியது என்று கொள்வதே பொருத்தமாகும்.

முதல் உலகக்கோப்பை, 2008

17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக்கோப்பையின் முதல் போட்டி 2008 அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் நியூசிலாந்தில் 16 அணிகளுடன் நடைபெற்றது. முந்தைய ஆண்டு மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியை இறுதியில் ஜப்பானை வென்று கைப்பற்றியிருந்த வடகொரியா, காலிறுதியில் டென்மார்க்கையும் அரையிறுதியில் இங்கிலாந்தையும் வென்றது.

இறுதியாட்டம் 2008 நவம்பர் 16 அன்று ஆக்லாந்தில் ஐக்கிய அமெரிக்காவுக்கு எதிராக நடந்தது. ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே வடகொரிய அணியின் சுய கோலால் அமெரிக்கா முன்னிலை பெற்றது. அதன் பின்னர் எழுபது நிமிடங்களுக்கும் மேலாக அந்நிலை மாறவில்லை. அதையடுத்து கிம் உன்-ஜு சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 113 ஆவது நிமிடத்தில் ஜாங் ஹியொன்-சுன் அடித்த கோல் 2–1 என்ற வெற்றியைத் தந்தது.

அன்று தோற்ற அமெரிக்க அணியில் சமந்தா மியூவிஸ் என்ற சிறுமி இருந்தார். பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர், 2019 இல், முதுநிலை உலகக்கோப்பையை வென்ற அமெரிக்க அணியில் அவர் இடம்பெற்றார். அவரைத் தோற்கடித்த தலைமுறைக்கு என்ன நேர்ந்தது என்பது கீழே கூறப்படுகிறது.

2010 முதல் 2014 வரை

2009 ஆசியப் போட்டியின் இறுதியில் வடகொரியா தென்கொரியாவிடம் தோற்றது. 2010 இல் டிரினிடாட் டொபாகோவில் நடந்த உலகக்கோப்பையில் காலிறுதியில் ஜெர்மனியை 1–0 என வென்றபோதிலும், அரையிறுதியில் ஜப்பானிடம் 1–2 எனத் தோற்று நான்காமிடத்தையே பெற்றது. அந்த அரையிறுதியில் ஜப்பானின் குமி யோக்கோயாமா வடகொரியத் தடுப்பாளர்கள் பலரைத் தனியொருவராகக் கடந்து சென்று அடித்த கோல், அவ்வாண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காசு விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இறுதியில் தென்கொரியா ஜப்பானைப் பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. முதல் நான்கு இடங்களில் மூன்று ஆசிய அணிகள் இருந்தன.

2012 இல் அசர்பைசானில் நடந்த போட்டியில் வடகொரியாவின் குழு மிகக் கடினமானதாக அமைந்தது. பிரான்சு, ஐக்கிய அமெரிக்கா, வடகொரியா ஆகிய மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் சமனில் முடிந்தன. மூன்றும் காம்பியாவை வென்றன. எனவே மூன்று அணிகளுக்கும் தலா 5 புள்ளிகள். கோல் வேறுபாடே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. காம்பியாவுக்கு எதிராக வடகொரியா 11 கோல்களும், பிரான்சு 10 கோல்களும், அமெரிக்கா 6 கோல்களும் அடித்திருந்தன. ஓர் ஆட்டத்திலும் தோற்காத அமெரிக்கா வெளியேறியது. வலுவற்ற அணிக்கு எதிராக மேலும் மேலும் கோல் அடிப்பது பண்பற்ற செயல் எனக் கருதுவோர் இக்குழுவின் கணக்கை ஒருமுறை பார்ப்பது நலம்.

அரையிறுதியில் ஜெர்மனியை வென்ற வடகொரியா, 2012 அக்டோபர் 13 அன்று பாக்கு நகரில் மீண்டும் பிரான்சைச் சந்தித்தது. ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்து, பெனால்டி உதைகளில் 6–7 எனப் பிரான்சிடம் கோப்பை போனது. வடகொரியாவின் கோலை அடித்த ரி உன்-சிம் போட்டி முழுவதிலும் 8 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருது பெற்றார்.

2014 இல் கோசுட்டா ரிக்காவில் வடகொரியா குழு நிலையிலேயே வெளியேறியது. 2025 வரையிலான எட்டுப் பங்கேற்புகளில் இவ்வணி காலிறுதியை எட்டாமல் போனது இந்த ஒருமுறையே.

2016: ஓர் ஆண்டில் இரு கோப்பைகள்

2015 ஆசியப் போட்டியை வென்ற அணி 2016 இல் யோர்தானுக்குச் சென்றது. காலிறுதியில் கானாவையும், அரையிறுதியில் வெனிசுவேலாவை 3–0 எனவும் வென்று இறுதிக்கு வந்தது. அங்கு எதிர்த்து நின்றது அப்போதைய உலக வாகையரான ஜப்பான். 2016 அக்டோபர் 21 அன்று அம்மானில் நடந்த ஆட்டத்தில் இரு தரப்பும் கோல் அடிக்கவில்லை. பெனால்டி உதைகளில் 5–4 என வடகொரியா வென்றது. இக்கோப்பையை இருமுறை வென்ற முதல் நாடு என்ற பெயரையும் பெற்றது.

ஆறு வாரங்கள் கழித்து, பப்புவா நியூகினியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையின் இறுதியில் பிரான்சை 3–1 என வடகொரியா தோற்கடித்தது. இரு இளையோர் உலகக்கோப்பைகளும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டிடம் சேர்ந்தன.

2017 ஆசியப் போட்டியையும் இறுதியில் தென்கொரியாவை வீழ்த்தி வென்ற பின்னர், 2018 இல் உருகுவேயில் நடந்த உலகக்கோப்பையில் வடகொரியா குழு நிலையில் அமெரிக்காவை 3–0 என வென்றது. ஆனால் காலிறுதியில் ஸ்பெயினிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. ஸ்பெயின் அப்போட்டியை வென்றது. அந்த அணியில் இருந்த கோல் காப்பாளர் காத்தா கோல், முன்கள வீராங்கனை சல்மா பரயுயேலோ ஆகியோர் ஐந்தே ஆண்டுகளில், 2023 இல், முதுநிலை உலகக்கோப்பையையும் வென்றனர்.

விளையாடாத ஆண்டுகள்

2019 செப்டம்பரில் தாய்லாந்தில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் ஜப்பானிடம் தோற்றபோதிலும், வடகொரியா 2020 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. அப்போட்டி இந்தியாவில் நடைபெறவிருந்தது. கொரோனா பெருந்தொற்றால் அது முதலில் 2021 க்குத் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 2022 போட்டியை நடத்தும் உரிமை இந்தியாவுக்கு வழங்கப்பட்டது.

வடகொரியா 2020 சனவரியில் தன் எல்லைகளை மூடியது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக அதன் விளையாட்டு வீரர்கள் வெளிநாட்டுக் களங்களில் காணப்படவில்லை. 2022 க்கான ஆசியத் தகுதிப் போட்டியும் தொற்றினால் நடைபெறாததால், 2019 போட்டியின் முடிவுகளைக் கொண்டு அணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வடகொரியா பங்கேற்காத நிலையில் சீனா இடம்பெற்றது. புவனேசுவரம், கோவா, நவி மும்பை ஆகிய இடங்களில் 2022 அக்டோபரில் அப்போட்டி நடந்தது. இந்தியச் சிறுமியர் தம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றனர். ஸ்பெயின் கொலம்பியாவை வென்று கோப்பையைத் தக்கவைத்தது. வடகொரியா இல்லாமல் நடந்த ஒரே 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக்கோப்பை இதுவேயாகும்.

இதன் இழப்பை வயது வரம்பைக் கொண்டு அளந்து பார்க்கலாம். 2003 இல் பிறந்த ஒரு வடகொரியச் சிறுமியை எண்ணிக்கொள்வோம். அவருக்குரிய 17 வயதுக்குட்பட்டோர் போட்டி 2020 இல் கைவிடப்பட்டது. 2022 இல் கோசுட்டா ரிக்காவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அவர் நாடு கலந்துகொள்ளவில்லை. 2024 இன் 20 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு 2004 சனவரி 1 அல்லது அதற்குப் பின்னர் பிறந்தவர்களே தகுதியுடையோர். தாய்லாந்தில் தகுதி பெற்றுத் தந்த ஆட்டமே அவர் இளமைக் காலத்தின் கடைசிப் பன்னாட்டுப் போட்டியாகியிருக்கும். கோப்பைப் பட்டியல்களில் இத்தகைய தலைமுறைக்கு வரிசை ஏதும் கிடையாது.

மீள்வருகை

நெடுங்காலம் பன்னாட்டு ஆட்டம் இல்லாத அணி பின்தங்கியிருக்கும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. நடந்தது அதுவன்று. 2024 மே மாதம் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் ஜப்பானை 1–0 என வடகொரியா வென்றது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று கொலம்பியாவின் பொகோட்டாவில், 20 வயதுக்குட்பட்டோர் அணியும் ஜப்பானை 1–0 என வென்று உலகக்கோப்பையைப் பெற்றது. அந்தக் கோலை அடித்த சோ இல்-சொன் தங்கப் பந்து, தங்கக் காலணி ஆகிய இரு விருதுகளையும் பெற்றார். அப்போது அவருக்கு 17 வயதுதான். அடுத்த மாதம் 17 வயதுக்குட்பட்ட அணியிலும் இடம்பெற்றார்.

டொமினிக்கன் குடியரசில் நடந்த அந்த 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் வடகொரியா குழு நிலையில் மெக்சிக்கோவை 4–1 எனவும், கென்யாவை 3–0 எனவும், இங்கிலாந்தை 4–0 எனவும் வென்றது. போலந்தையும் அமெரிக்காவையும் தலா 1–0 என வென்று இறுதிக்கு முன்னேறியது. 2024 நவம்பர் 3 அன்று சாந்தோ தொமிங்கோவில், ஸ்பெயின் முதலில் கோல் அடித்தது. சில நிமிடங்களிலேயே ஜொன் இல்-சோங் சமன் செய்தார். பெனால்டி உதைகளில் 4–3 என வடகொரியா வென்றது. ஜொன் இல்-சோங்குக்குத் தங்கப் பந்து வழங்கப்பட்டது. 2016 ஐப் போலவே இரு இளையோர் கோப்பைகளும் மீண்டும் பியொங்யாங் சென்றன.

2025 முதல் இப்போட்டியை ஆண்டுதோறும் 24 அணிகளுடன் நடத்துவதென பிஃபா முடிவு செய்து, 2029 வரையிலான ஐந்து போட்டிகளை மொரோக்கோவுக்கு வழங்கியது. 2025 இல் வடகொரியா ஆடிய ஆட்டத்தை முந்தைய வெற்றிகளுடன் ஒப்பிட இயலாது. குழு நிலையில் நெதர்லாந்தை 5–0 என வென்றது. அடுத்த சுற்றில் போட்டியை நடத்திய மொரோக்கோவை 6–1 எனவும், காலிறுதியில் ஜப்பானை 5–1 எனவும், அரையிறுதியில் பிரேசிலை 2–0 எனவும் வீழ்த்தியது. நவம்பர் 8 அன்று ரபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் மீண்டும் நெதர்லாந்து எதிர்ப்பட்டது. கிம் வொன்-சிம், பாக் ரே-யொங், ரி உய்-கியொங் ஆகியோர் முதற்பாதியிலேயே அடித்த மூன்று கோல்களுடன் 3–0 என ஆட்டம் முடிந்தது. யூ ஜொங்-ஹ்யாங் 8 கோல்கள் அடித்துத் தங்கப் பந்தும் தங்கக் காலணியும் பெற்றார்.

அதற்கு முந்தைய நான்கு இறுதியாட்டங்களில் ஒன்று கூடுதல் நேரத்திலும் மூன்று பெனால்டி உதைகளிலும் முடிவாகியிருந்தன. வழமையான 90 நிமிடங்களுக்குள் இவ்வணி வென்ற முதல் உலகக்கோப்பை இறுதி 2025 இனுடையதே.

முதுநிலை அணியும் இடைவெளியும்

இளையோர் நிலையில் இத்தனை கோப்பைகள் வென்ற நாடு முதுநிலை உலகக்கோப்பையில் காலிறுதிக்கு மேல் சென்றதில்லை. அக்காலிறுதியும் 2007 இல் எட்டியதாகும். இதற்கான காரணங்களுள் சில களத்திற்கு வெளியே உள்ளவை.

2011 இல் ஜெர்மனியில் நடந்த முதுநிலை உலகக்கோப்பையின்போது ஐந்து வடகொரிய வீராங்கனையர் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து உட்கொண்டது சோதனையில் தெரியவந்தது. பயிற்சியின்போது மின்னல் தாக்கியதால், கத்தூரி மானின் சுரப்பியிலிருந்து செய்யப்பட்ட மரபு மருந்து தரப்பட்டதாக அணி நிர்வாகம் விளக்கம் கூறியது. பிஃபா அவ்வீராங்கனையரை இடைநீக்கம் செய்ததோடு, 2015 உலகக்கோப்பையில் பங்கேற்க நாட்டிற்கே தடை விதித்தது. 2008 இல் பதினாறு, பதினேழு வயதில் உலகை வென்றவர்கள் 2015 இல் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதினர். ஆட்ட வாழ்வின் உச்சத்தில் நிற்க வேண்டியவர்கள். தவறு செய்தவர் எவராயினும், தண்டனையின் பெரும்பகுதி இவர்கள்மேல் விழுந்தது.

2019 போட்டிக்கான வாய்ப்பு களத்திலேயே நழுவியது. 2017 ஏப்பிரலில் பியொங்யாங்கின் கிம் இல்-சுங் அரங்கில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் தென்கொரியாவுடன் 1–1 என வடகொரியா சமன் செய்தது. கோல் வேறுபாட்டில் தென்கொரியா தகுதி பெற்றது. உலகக்கோப்பைக்கான வழியும் அத்துடன் அடைபட்டது. 2023 போட்டிக்கான தகுதிச் சுற்றிலிருந்து எல்லை மூடலின் காரணமாக விலகியது.

மற்றொரு காரணம் கழக ஆட்டமாகும். 2016 இறுதியில் தோற்ற ஜப்பான் அணியின் ஃபூக்கா நாகானோ அப்போட்டியின் தங்கப் பந்தைப் பெற்றார்; பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தில் விளையாடினார். அவரை வென்ற வடகொரியச் சிறுமியருக்கு அத்தகைய வழி திறந்திருக்கவில்லை. அவர்கள் உள்நாட்டுக் கழகங்களிலேயே தொடர்ந்து ஆடினர். பதினேழு வயதில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் பயின்று, ஆண்டு முழுவதும் ஒரே அணியாக இருப்பது பெரும் நன்மை. இருபத்தைந்து வயதில், எதிரணியினர் ஐரோப்பியக் கழகங்களில் வாரந்தோறும் கடும் ஆட்டங்கள் ஆடிப் பழகியிருக்கும்போது, அதே தனிமை குறையாக மாறுகிறது. இளையோர் அணியின் வெற்றியும் முதுநிலை அணியின் தேக்கமும் ஒரே முறையின் இரு விளைவுகள் எனக் கருத இடமுண்டு.

உலகக்கோப்பைப் பதிவு

2008, நியூசிலாந்து – வெற்றியாளர்
2010, டிரினிடாட் டொபாகோ – நான்காமிடம்
2012, அசர்பைசான் – இரண்டாமிடம்
2014, கோசுட்டா ரிக்கா – குழு நிலை
2016, யோர்தான் – வெற்றியாளர்
2018, உருகுவே – காலிறுதி
2022, இந்தியா – பங்கேற்கவில்லை
2024, டொமினிக்கன் குடியரசு – வெற்றியாளர்
2025, மொரோக்கோ – வெற்றியாளர்

ஆசியப் போட்டிகளில் 2007, 2015, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வணி வாகை சூடியது. 2005, 2011, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஜப்பானும் அப்போது நான்கு வெற்றிகளையே பெற்றிருந்தது. எஞ்சிய ஒன்று 2009 இல் தென்கொரியாவுக்குச் சென்றது.